பர்மாவுக்குப் பணம் அனுப்பும் தமிழர்களே, "அக்கா" என்று தமிழில் பேசும் இந்தக் கும்பலிடம் மாட்டாதீர்கள்

என்னுடைய 85,000 பாத், தாய்லாந்துப் பணம், போய்விட்டது. திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அதே ஆட்கள் வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்து, தாய்லாந்தில் இருக்கும் நம்மவர்களுக்குத் தேடித் தேடி மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நேற்று இரவு தெரிந்தது. அதனால்தான் தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. என்னை ஏமாற்றியவள் என்னிடம் பர்மியமே பேசவில்லை. நம் வீட்டுத் தமிழில் பேசினாள்.

நான் ரங்கூனை அடுத்த தன்லின்காரன். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகும் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தோம். 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. எங்கள் வீட்டில் நான், தம்பி, தங்கை மூன்று பேருமே அந்த வயதுக்குள் வந்தோம். ஊரே வெளியே ஓடப் பார்த்தது. பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் ராத்திரியே வந்து படுத்துக் கிடந்தார்கள். மண்டலேயில் அந்த நெரிசலில் இரண்டு பெண்கள் செத்தே போனார்கள். ரங்கூனில் தாய்லாந்துத் தூதரகம் ஒரு நாளைக்கு 400 டோக்கன்தான் என்று வைத்தது. எனக்கு முன்பே எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. தம்பிக்கு இல்லை.

"நீயாவது போப்பா. ஒருத்தன் வெளியில இருந்தாத்தான் மத்தவங்களுக்கு ஏதாவது செய்ய முடியும்" என்று சொல்லி அம்மாதான் என்னை அனுப்பி வைத்தார். அப்படி வந்தவன்தான் நான். அம்மா, தம்பி, தங்கை மூன்று பேரும் அங்கே. நான் இங்கே பாங்காக் பக்கத்து மஹாச்சாயில், மீன் பதப்படுத்தும் கம்பெனியில். நாள் முழுக்க ஐஸில் கை வைத்து வேலை. விரல் நுனி மரத்துப்போய், ராத்திரி போனில் டைப் செய்தால் எழுத்து மாறி மாறி விழும். அந்தக் கையால் சம்பாதித்த பணம் அது.

சில வாரங்களுக்கு முன்னால், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வார்டு ஆபீஸ் குலுக்கலில் தம்பியின் பெயர் வந்தது. அவனுக்கு 22 வயது. பெயர் வந்த வீட்டில் பணம் கொடுத்தால் வேறு ஆளை அனுப்பிக்கொள்வார்கள் என்பது அங்கே ஊரறிந்த விஷயம். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை தப்புகிறான், இல்லாத வீட்டுப் பிள்ளை துப்பாக்கி தூக்குகிறான். இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களிடம் கேளுங்கள். வார்டுக்காரர் அம்மாவிடம் கேட்டது பர்மாப் பணத்தில் 110 லட்சம் கியாட். அன்றைய ரேட்டுக்கு 85,000 பாத். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

சேமிப்பு, கூட வேலை செய்யும் பசங்களிடம் வாங்கிய கடன், போர்மேனிடம் அட்வான்ஸ், அம்மா எனக்குப் போட்டு அனுப்பிய சங்கிலி. எல்லாம் சேர்த்துத்தான் அந்த 85,000.

வங்கி வழியாக அனுப்பியிருக்கலாமே என்று சிலர் இப்போது கேட்கிறார்கள். அனுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பர்மா அரசாங்கம் டாலருக்கு 2,100 கியாட் என்று விலை வைத்திருக்கிறது. வெளிச் சந்தையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். வங்கி வழியில் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வெளிநாட்டில் வேலை செய்கிறவன் சம்பளத்தில் 25 சதவீதத்தை அந்த வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023 செப்டம்பரிலிருந்து உத்தரவு வேறு. நம் வியர்வையில் ஒரு பங்கு நம்மை விரட்டியவனுக்கே போகிறது. அதனால்தான் தாய்லாந்தில் இருக்கும் பர்மாக்காரர்களில் பெரும்பாலோர் ஹூண்டியில் அனுப்புகிறார்கள். இங்கே ஒரு கணக்கில் பாத் போடுவோம், அங்கே அவர்கள் ஆள் வீட்டுக் கணக்கில் கியாட் போடுவான். எத்தனையோ வருடமாக நாணயமாக நடக்கிற தொழில்தான் அது. இந்தக் கும்பல் அந்த நாணயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு திருடுகிறது.

நான் சொல்லும் ஆட்கள் பேஸ்புக்கில் பக்கம் வைத்துப் பணம் அனுப்புகிறவர்கள். பாங்காக் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது பழக்கமான ஒருவர் மூலம் அந்தப் பக்கம் தெரிய வந்தது. அவரும் ஏமாந்தவர்தான் என்பது பிறகு தெரிந்தது. மஹாச்சாய் மார்க்கெட் பக்கம் சிம் கார்டு, டாப்அப் விற்கிற ஒரு கடையின் கண்ணாடியில் அவர்களுடைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முதலில் 3,000 பாத், அப்புறம் 5,000 பாத் என்று சின்னத் தொகைதான் அனுப்பினேன். டீ குடித்து முடிப்பதற்குள் அம்மாவிடமிருந்து "வந்துருச்சுப்பா" என்று போன் வரும். மற்றவர்களைவிட அதிக ரேட் தருகிறேன் என்றும் அந்தப் பக்கத்தில் என்னிடம் பேசிய பெண் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்போதே உஷாராகியிருப்பேன். எல்லாரும் தருகிற ரேட்தான்.

அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை இன்னும் வைத்திருக்கிறேன். "தம்பி, நானும் நம்ம பக்கத்துப் பொண்ணுதான், மோல்மீன். எங்க வீட்லயும் ரெண்டு பசங்க ஒளிஞ்சுதான் இருக்காங்க. அம்மா சாப்பிட்டாங்களா? தம்பிப் பையன் எப்படி இருக்கான்?" பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவின் நம்பரை வாங்கி அம்மாவிடமும் பேசினாள். அம்மா அவளிடம் தம்பியைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறார். அவளும் கூடவே அழுதாளாம். தொகை எவ்வளவு, கெடு என்றைக்கு, எதற்காக என்று எல்லாம் அந்தப் பேச்சில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதாவது, எங்கள் வீட்டுக்கு அந்த வாரம் அந்தப் பணம் எப்படிப்பட்ட பணம் என்று அணு அணுவாகத் தெரிந்துகொண்டுதான் எடுத்தாள்.

பணம் போட வேண்டிய அன்றைக்குக்கூட அவளாகவே ஒன்று சொன்னாள்: "பெரிய தொகை தம்பி, ஒரே தடவையா போடாத. ரெண்டா போடு. முதல்ல போட்டது போய்ச் சேர்ந்ததும் மீதியைப் போடு." இப்படிச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? முதலில் 45,000 பாத் போட்டேன். வங்கி ஸ்லிப் உடனே வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. அங்கே கரண்ட் இல்லாதபோது லைனும் கிடைக்காது, அது எப்போதும் நடப்பதுதான். "அக்கா பொறுப்பு தம்பி, இன்னிக்கே முடிச்சாத்தான் நாளைக்குக் காலைல அம்மா கையில காசு எடுக்க முடியும்" என்றாள். மீதி 40,000 பாத்தையும் போட்டேன். அதற்கும் ஸ்லிப் வந்தது.

அந்த ஸ்லிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் தங்கைதான் கண்டுபிடித்தாள். பர்மா நேரம் தாய்லாந்து நேரத்தைவிட அரை மணி பின்னால். இரண்டாவது ஸ்லிப் எனக்கு வந்தபோது என் போனில் மணி இரவு 7:42. ஸ்லிப்பில் 7:40 என்று இருந்தது. நிஜமாகவே அங்கே உள்ள வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் 7:10 என்றுதான் இருக்க வேண்டும். இங்கேயே, தாய்லாந்தில் எங்கேயோ உட்கார்ந்து, பழைய ஸ்லிப்பில் பெயரையும் தொகையையும் மாற்றி, கையில் இருந்த போனைப் பார்த்து நேரத்தையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அம்மா வங்கி வாசலில் நின்றுகொண்டு போன் செய்தார். கணக்கில் ஒரு கியாட்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்ன பதில்கள்: சர்வர் மெதுவாக இருக்கிறது. தன்லின் பக்கம் லைன் கட். அங்கே இருக்கிற ஆளுக்கு உடம்பு சரியில்லை. சாயந்தரம் வந்துவிடும். நாளைக்குக் கண்டிப்பாக. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கள் பார்க்கலாம். வார்டுக்காரர் கொடுத்த கெடு நெருங்குகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "தம்பி, நீ இப்படி அவசரப்பட்டா நான் என்ன செய்யறது" என்றாள். கோபமாக ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான். அன்றோடு தமிழ் நின்றுபோனது. பர்மியத்தில் ஒரு ஆண் குரல் வந்தது. கணக்கை முடக்கிவிட்டார்கள், விடுவிக்க 10 சதவீதம், அதாவது இன்னும் 8,500 பாத் கட்டு என்றது. கட்ட மாட்டேன் என்றேன். அடுத்து வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது: "ஹூண்டி என்று விஷயம் வெளியே போனால் முதலில் உன் அம்மா பெயர்தான் வரும். உன் தம்பி எங்கே இருக்கிறான் என்றும் எங்களுக்குத் தெரியும்."

2024 ஜூனில் ராணுவ அரசு ஹூண்டி ஆட்களையும் தங்க வியாபாரிகளையும் பிடித்து உள்ளே தள்ளியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காட்டுகிறார்கள். அங்கே அம்மா புகார் கொடுக்க முடியாது. இங்கே எனக்குத் தொழிலாளர் கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்து, கையில் ரசீது மட்டும்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் படியேற எந்தப் பர்மாக்காரனுக்கும் கால் வராது. எங்கேயும் போய்ச் சொல்ல முடியாதவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறார்கள் இவர்கள். வீட்டைப் பிரிந்து ஓடிவந்தவனும், பின்னால் விட்டு வந்த தாயும்தான் இவர்களுக்கு முதலீடு.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்த சிம் கடைக்குப் போய்க் கேட்டேன். "அவங்க மாசாமாசம் காசு கொடுத்தாங்க, ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. எங்கள் லைனில் வேலை செய்யும் தாய்லாந்துப் பெண் ஒருவர், பாவம், அவர் போனிலிருந்தே எனக்காக 1441-க்கு, ஆன்லைன் மோசடிப் புகாருக்கான தாய்லாந்து எண்ணுக்கு, பேசினார். நான் பணம் போட்ட இரண்டு கணக்குகளும் வேறு வேறு பெயரில் இருந்த பினாமிக் கணக்குகள். அதற்குள் இரண்டும் துடைத்து வைத்த மாதிரி காலி.

தம்பி இப்போது வீட்டில் இல்லை. கெடு முடிகிற அன்றைக்கு விடியும் முன்னே ஒரு சட்டையோடு கிளம்பிவிட்டான். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். வார்டுக்காரர் வந்து, ஓடினால் ஜெயில் என்றும் அடுத்த குலுக்கலில் தங்கையின் பெயரையும் சேர்ப்பேன் என்றும் மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மகனை நான் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைத்தார் அம்மா. இன்னொரு மகன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

1964-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் தாத்தாவின் கடைப் பணம் ஒரே நாளில் காகிதமானது. அவருடைய அண்ணன் குடும்பம் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறியது, தாத்தா பர்மாவிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. நேற்று போனில் அம்மா அதைத்தான் சொன்னார்: "அப்ப பறிச்சது கவர்மெண்டு. இப்ப நம்ம பொண்ணே பறிச்சிருச்சேப்பா." அவள் நம் பெண் இல்லை அம்மா என்று சொன்னேன். நம் பாஷை தெரிந்தவள், அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஷிப்டுக்கு வண்டி வரும் நேரமாகிவிட்டது. அவசரமாக இவ்வளவுதான்.

அவர்கள் கேட்டாலும் அம்மா, அப்பா நம்பரைக் கொடுக்காதீர்கள். எதற்காகப் பணம் அனுப்புகிறீர்கள் என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

ஸ்லிப் வந்தால் முதலில் நேரத்தைப் பாருங்கள். ஸ்லிப் வந்துவிட்டது என்பதற்காக மீதிப் பணத்தைப் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் கணக்கைப் பார்த்து வாயால் சொன்ன பிறகு போடுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை காத்திருங்கள், அவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் கணக்கு கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடக்கிய கணக்கை விடுவிக்க என்று கேட்டால் ஒரு பாத்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் கம்பெனியிலேயே ஒருவர் அப்படிக் கொடுத்து அதையும் இழந்திருக்கிறார்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே தாய்லாந்து மொழி தெரிந்த யாரையாவது பிடித்து 1441-க்குப் பேசச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கணக்கில் எதுவும் இருக்காது.

மோல்மீன் பெண் என்று சொல்லிக்கொண்டு, பின்னால் குழந்தை அழும் சத்தத்தோடு உங்களுக்கும் தமிழில் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அவள் குரல் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன், கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் போடுவதற்கு முன்னால்.