கடவுள் இல்லாத ஞாயிறு ஆராதனை: சண்டே அசெம்ப்ளி எப்படி?

நாத்திகமும் ஒரு மதம்தானே என்று கேட்டால், வழுக்கையும் ஒரு முடி நிறமா என்று திருப்பிக் கேட்பார்கள். சிரித்துக்கொள்ளலாம், கேள்வி அப்படியேதான் கிடக்கும். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு: தேவாலயத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கடவுளை மட்டும் கழித்துவிட்டு, நடத்திப் பார்ப்பது. லண்டனில் 2013 ஜனவரியில் தொடங்கிய சண்டே அசெம்ப்ளி அதைத்தான் செய்தது. சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் ஆரம்பித்தது. முதல் கூட்டம் நடந்த இடம், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயம்.

நிகழ்ச்சி நிரல் போதகர் யாருக்கும் பழக்கமானதுதான். எல்லோரும் எழுந்து நின்று பாடும் பாட்டு, ஒரு வாசிப்பு, ஒரு பேச்சு, சில நிமிட மௌனம், அறிவிப்புகள், காணிக்கை, கடைசியில் தேநீரும் கேக்கும். சங்கீதங்களுக்குப் பதில் பிரபலமான பாப் பாடல்கள்; வேத வாசிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கவிதை; பிரசங்கத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு துறையில் விஷயம் தெரிந்தவர் பேசுவார். சாட்சி சொல்லும் நேரத்தில், தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்றைச் சமாளிக்க முயன்றுகொண்டிருக்கும் சாதாரண உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசுவார். கோட்பாடு கிடையாது, தெய்வம் கிடையாது, அனுமதி இலவசம், நடத்துவது தொண்டர்கள் என்று அவர்களின் சாசனம் சொல்கிறது.

இதில் சந்தேகமே இல்லாமல் வேலை செய்வது பாட்டுதான். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பாடும்போது நெருக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரின் ஆய்வுக் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு பாட்டு வகுப்புகளையும் மற்ற வகுப்புகளையும் சுமார் 7 மாதம் ஒப்பிட்டது. பாடியவர்கள் முதலில் ஒட்டிக்கொண்டார்கள். கைவினையும் எழுத்தும் கற்றவர்கள் கடைசியில் அவர்களை எட்டிப்பிடித்தார்கள். அதாவது பாட்டு ஆரம்பத் தயக்கத்தைத்தான் உடைக்கிறது, தொடர்ந்து வரவைப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும். பல ஊர்களில் தோன்றிய கிளைகளில் இதை மறப்பவை இசைக்குழுவுக்கே முழு உழைப்பையும் கொடுத்துவிட்டு மீதியைக் கோட்டை விடுகின்றன.

பாட்டிலும் சொதப்ப வழி உண்டு. பாப் பாடல்கள் தனிக்குரலுக்காக எழுதப்பட்டவை. உச்சஸ்தாயி பெரும்பாலோர் தொண்டைக்கு எட்டாது, சரணத்தின் தாளம் கூட்டத்துக்குப் பிடிபடாது. சுருதியை இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கி, வரிகளைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டு, பல்லவி கனமாக இருக்கும் பாட்டாக எடுத்தால் தப்பிக்கலாம். கூட்டம் இருபது பேருக்குக் கீழே இறங்கிவிட்டால் எந்தப் பாட்டும் எடுபடாது. அவரவர் குரல் அவரவருக்கே கேட்க ஆரம்பித்துவிடும். மௌனமும் இப்படித்தான். பிரார்த்தனை செய்பவருக்கு அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு வேலை இருக்கிறது. இங்கே நடத்துபவர் எதை நினைக்கலாம் என்று ஒரு வரி எடுத்துக் கொடுக்காவிட்டால் மக்கள் கைபேசியைத்தான் பார்ப்பார்கள். பேச்சு 15 நிமிடத்தைத் தாண்டினால் ஆராதனை போய்க் கருத்தரங்கு வந்துவிடும்.

நாத்திகம் மதமா என்ற கேள்விக்கு வருவோம். இந்த அமைப்பின் சரித்திரத்தில் மிக முக்கியமான சம்பவம் 2013-லேயே நடந்தது. நியூயார்க்கில் ஒரு பகுதியினர் பிரிந்து, வெளிப்படையாக நாத்திகம் பேசும் தனிக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். நாத்திகர் என்ற அடையாளத்தை அடக்கி வாசிக்கச் சொன்னதுதான் அவர்களுடைய மனக்குறை. தலைமை அப்படி நினைத்ததில் காரணம் இருக்கிறது. ‘கடவுள் இல்லை’ என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம், இரண்டாவது ஞாயிறும் பேசலாம், மூன்றாவது வாரம் சரக்கு தீர்ந்துவிடும். நோயாளியைப் பார்க்கப் போ, பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடு, இறந்தவரை இப்படி வழியனுப்பு என்று அது எதுவும் சொல்வதில்லை. அதையெல்லாம் கடவுளை விட்டு மனிதனை மையமாக வைக்கும் மனிதநேயக் கொள்கையிடமிருந்தோ, பழைய தேவாலயப் பழக்கத்திலிருந்தோ கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நாத்திகர்களுக்காகத் தொடங்கிய சபை நிலைக்க வேண்டுமென்றால் நாத்திகத்தை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. நாத்திகம் மதமல்ல என்பதற்கு எந்த வாதத்தையும்விட இந்தச் சம்பவம் நல்ல சாட்சி.

நீதிமன்றங்கள் வேறு வேறாகச் சொல்லியிருக்கின்றனவே என்று கேட்கலாம். சொல்லியிருக்கின்றன. லண்டன் சண்டே அசெம்ப்ளி பின்னர் கூடிய கான்வே ஹால், சவுத் பிளேஸ் எதிக்கல் சொசைட்டி என்ற பழைய சுதந்திரச் சிந்தனைச் சங்கத்தின் கட்டடம். அந்தச் சங்கத்தின் வழக்கில் 1980-இல் நீதிபதி டில்லன், மதம் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பற்றியது, ஒழுக்கவியல் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றியது என்று பிரித்தார். மத அமைப்பு என்ற தகுதி கிடைக்கவில்லை. அறக்கட்டளைத் தகுதி வேறு வழியில் கிடைத்தது. அமெரிக்காவில் 2005-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகப் பேசியது. விஸ்கான்சின் சிறையில் நாத்திகப் படிப்புக் குழு நடத்த ஒரு கைதி அனுமதி கேட்டார். அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்போது நாத்திகத்தையும் மதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. இரண்டும் முரணாகத் தெரிந்தாலும், இரண்டாவது தீர்ப்பின் அக்கறை சமத்துவத்தில்தான். பைபிள் குழுவுக்குக் கிடைக்கும் அறை இவருக்கும் கிடைக்க வேண்டும், அவ்வளவே. நாத்திகம் என்றால் என்ன என்று ஆராய அந்த நீதிமன்றம் உட்காரவில்லை. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி ‘பார், நீயும் மதவாதிதான்’ என்று மடக்க நினைப்பவர்கள் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள்.

நீடித்து நிற்பதில்தான் சண்டே அசெம்ப்ளி தடுமாறுகிறது. 2016 வாக்கில் சுமார் 70 ஆக இருந்த கிளைகள் 2019-இல் 40 அளவுக்குச் சுருங்கின. வாடகை, ஒலிபெருக்கி, நாற்காலி அடுக்க ஆள் எல்லாமே ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தேட வேண்டியவை. முழுநேர ஊழியர் இல்லாத கிளையில் நான்கைந்து பேர் சுமந்து சுமந்து களைத்துப் போகிறார்கள். இதற்கும் அடியில் ஒரு காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 83 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ரிச்சர்ட் சோசிஸும் எரிக் பிரெஸ்லரும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். மதக் குடியிருப்புகளில் உணவு, உடை, விரதம் என்று கட்டுப்பாடு கூடக்கூட ஆயுளும் கூடியது. மதச்சார்பற்றவற்றில் அந்தத் தொடர்பே இல்லை. ஏன் என்று கேட்க முடியாத கட்டளைதான் அங்கே கட்டிப்போடுகிறது. கேள்வி கேட்பதையே பெருமையாகக் கொண்டவர்களிடம் அந்தக் கயிறு இல்லை. மழை பெய்தால் வரமாட்டார்கள். வராததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

ஆகவே, மதத்தை விட்டு வெளியே வந்து, கூடிப் பாடிய சுகத்தை மட்டும் இழந்ததாக நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். கடவுள் மறுப்பு வாதம் கேட்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். போவதற்கு முன் கிளை இயங்குகிறதா, அடுத்த கூட்டம் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வாரமும் கூடும் அமைப்பல்ல. மாதம் ஒருமுறையோ இருமுறையோதான். திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் மனிதநேயச் சங்கங்களின் பயிற்சி பெற்ற நடத்துநர்களை அணுகுவது நல்லது. ஸ்காட்லாந்தில் 2005 முதல் அவர்கள் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லாததால், விழாவைத் தவிர பதிவு அலுவலகத்துக்கும் தனியாக ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும்.