கொளத்தூரா, பக்கத்துக் கடையா, பார்சலா: வண்ண மீன் எங்கே வாங்கலாம்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு மூன்றடித் தொட்டி இருக்கிறது. அதற்கு மீன்கள் மூன்று வழிகளில் வந்திருக்கின்றன. சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைவீதி ஒன்று. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய சிறிய கடை இன்னொன்று. இணையத்தில் பணம் கட்டி ஆம்னி பஸ் பார்சலில் வரவழைத்தது மூன்றாவது. போன மாதம் இருபது நியான் டெட்ரா வாங்க வேண்டியிருந்தபோது இந்த மூன்றையும் எடைபோட்டுப் பார்த்து, பக்கத்துக் கடையிலேயே வாங்கினேன். கொளத்தூரில் 25 ரூபாய்க்குக் கிடைத்த மீனுக்கு இங்கே 40 ரூபாய் கொடுத்தேன். இருபது மீனுக்கு 300 ரூபாய் கூடுதல். அந்தப் பணம் எதற்காக என்பதுதான் இந்தக் கட்டுரை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். விலையிலும் வகையிலும் கொளத்தூரை எந்தக் கடையும் நெருங்க முடியாது. செங்குன்றம், பொன்னேரி என்று சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வரும் மீன்கள் அங்கேதான் கைமாறுகின்றன. கப்பி, மோலி, ஏஞ்சல், கோய், ஆஸ்கார் என்று எதைக் கேட்டாலும் நான்கு கடைகளுக்குள் கிடைத்துவிடும். பக்கத்துக் கடையில் முப்பது தொட்டிகள். கேட்டது இல்லாமல் போகும் நாள்தான் அதிகம். இணையத்தில் அரிய வகைகள் கிடைக்கும், படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் நான் இப்போது விலையையும் வகையையும் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். ஒரு மீன் கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த மீன் உங்களிடம் வந்து எத்தனை நாள் ஆகிறது?" என்பது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழி மாதம். கொளத்தூரில் ஒரு கடையில் பதினைந்து நியான் டெட்ரா வாங்கினேன். தொட்டியில் துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன, நிறம் பளிச்சென்று இருந்தது, ஒன்றின்மீதும் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பையை மிதக்கவிட்டு, முறைப்படியே தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் ஒரு மீனின் வாலில் ரவை ஒட்டியதுபோல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஆறாம் நாள் எல்லா மீன்களின்மீதும் புள்ளிகள். பத்து நாட்களில் பதினைந்தில் பதினொன்று போய்விட்டன. அதைவிட வலித்தது, ஒன்றரை ஆண்டுகளாக என் கையிலிருந்து தீனி வாங்கித் தின்ற ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்களும் அவற்றோடு போனதுதான். புது மீன்களுக்குக் கொடுத்த பணத்தை நான் அன்றே மறந்துவிட்டேன். அந்த ஏஞ்சல்களை மறக்கவில்லை.

வெள்ளைப் புள்ளி நோய் மீன் வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று படித்த பிறகுதான் நான் கடையைப் பார்க்கும் பார்வையே மாறியது. அதை உண்டாக்குவது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புகுந்து, தின்று, கொழுக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அந்த நிலைதான். கொழுத்த பிறகு மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே பிரிந்து பிரிந்து பெருகுகிறது. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீரில் நீந்தி வெளிவருகின்றன. அவை ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறந்துவிடும். மருந்து கொல்வதும் நீந்தும் இந்தக் குஞ்சுகளை மட்டும்தான். மீனுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. சென்னையின் நீர்ச் சூட்டில் இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இதன் பொருள் என்னவென்று பாருங்கள். காலையில் பண்ணையிலிருந்து வந்து மாலையில் விற்கப்படும் மீனுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது விற்பவருக்கே தெரியாது. ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருந்தால் வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. பிடித்து, பையில் அடைத்து, வண்டியில் குலுக்கி, வேறு நீரில் கொட்டிய அலைச்சலில் மீனின் எதிர்ப்புச் சக்தி இறங்கிய பிறகுதான் நோய் முகத்தைக் காட்டும். மார்கழி, தை இரவுகளில் தொட்டி நீரும் குளிர்ந்துவிடுவதால் இன்னும் மோசம். எனக்கு விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய வியாபாரத்தின் வேகம் அப்படி. சரக்கு ஒரே நாளில் வந்து போகிற இடத்தில், நோய் வெளிப்படும் அந்த நான்காம் நாள் வாங்கியவர் வீட்டில்தான் விடியும்.

பக்கத்துக் கடைக்காரர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: காத்திருக்கிறார். ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் மீன் வந்த தேதியை எழுதி ஒட்டியிருக்கிறார். பத்து நாள் ஆகாமல் கொடுப்பதில்லை. முதல்முறை போனபோது ஒரு தொட்டியைக் காட்டிக் கேட்டேன். "இது வெள்ளிக்கிழமை வந்த சரக்கு சார். இன்னும் ஒரு வாரம் போகட்டும், இப்போது கொடுக்க மாட்டேன்" என்றார். கையில் பணத்தோடு நிற்பவனைத் திருப்பி அனுப்பிய மீன் கடைக்காரரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்தப் பத்து நாட்களில் இறக்கும் மீன் அவருடைய நஷ்டம், தீனியும் மின்சாரமும் அவருடைய செலவு. நான் மீனுக்குக் கூடுதலாகத் தரும் 15 ரூபாய் அங்கேதான் போகிறது.

அவருடைய கடையில் வேறு சிலவற்றையும் கவனித்தேன். தொட்டிகள் ஒன்றோடொன்று குழாயால் இணைக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர். எல்லாத் தொட்டிக்கும் பொதுவான வடிகட்டி வைத்திருக்கும் கடைகளில் நீர் கண்ணாடிபோல இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு தொட்டியின் நோய் அன்றே எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். அவர் மீன் பிடிக்கும் வலையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ஊதா நிற வாளியில் முக்கி, நல்ல நீரில் அலசிய பிறகே அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகிறார். இறந்த மீன் அவர் கடையிலும் உண்டு. எந்த மீன் கடையிலும் இருக்கும். அது மதியம்வரை தொட்டியில் மிதக்கிறதா, காலையிலேயே எடுக்கப்பட்டு அந்தத் தொட்டியில் விற்பனை நிறுத்தப்படுகிறதா என்பதை நான் பார்க்கிறேன்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. அவருக்கும் எனக்கும் ஒரே நிலத்தடி நீர். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. கெட்டிலில் காய்ச்சினால் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். மோலி, கப்பிக்கு அது பிடிக்கும். மென்னீரில் பிறந்த டெட்ராக்களுக்குப் பழக வேண்டும். அவர் கடையில் பத்து நாள் அதே நீரில் இருந்த மீன் என் தொட்டிக்கு வரும்போது பாதிக் கஷ்டத்தைத் தாண்டிவிட்டது.

"புது மீனை வீட்டிலேயே தனித்தொட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதுமே, எங்கே வாங்கினால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் செய்து பார்த்தேன். ஏஞ்சல்கள் போன பிறகு ஓரடித் தொட்டி ஒன்றைச் சமையலறைப் பக்கம் வைத்தேன். தொட்டி வாங்குவது எளிது, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். மீன் கழிவின் நச்சு அம்மோனியாவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா ஒரு தொட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமல் சும்மா ஓடவிட்டால் அவை பட்டினியில் மடியும். பெரிய தொட்டியின் ஃபில்டருக்குள் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டுவைத்து, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்; நானும் அப்படித்தான் செய்தேன். அப்படியும் சிறிய தொட்டியில் தினமும் நீர் மாற்ற வேண்டியிருந்தது. வேலைக்குப் போய்வரும் வீட்டில், ஆண்டுக்கு மூன்று முறை மீன் வாங்குபவனுக்கு, இது கட்டுப்படியாகவில்லை. நேரமும் இடமும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். அவர்களுக்குக் கொளத்தூர்தான் சரி, நான் சொல்லும் கூடுதல் செலவு அவர்களுக்குத் தேவையில்லை.

பார்சல் மீனைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. இரண்டே இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறேன். முதல் முறை கோரிடோரஸ் ஆறும் உயிரோடு வந்தன. இரண்டாம் முறை பஸ் தாமதமாகி, எட்டில் மூன்று பையிலேயே இறந்திருந்தன. பெட்டியைப் பிரித்ததை இடைவெட்டில்லாமல் காணொளி எடுத்து அனுப்பினால்தான் ஈடு தருவோம் என்பது அவர்கள் விதி. நான் எடுக்கவில்லை, ஈடும் கிடைக்கவில்லை. இவர்களிடம் வாங்குபவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் பையில் இருந்த மீனைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் சேர்த்து மணிக்கணக்கில் பழக்காதீர்கள். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரை அமிலமாக்குகிறது. அந்த அமில நீரில் அம்மோனியா நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, அமிலத்தன்மை குறைந்து, அதே கழிவு மீண்டும் கடும் நஞ்சாகிவிடும். பையைத் திறக்காமலே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன்செய்து, திறந்த கையோடு வலையால் மீனை மட்டும் மாற்றுங்கள். பை நீர் ஒரு சொட்டும் தொட்டியில் விழ வேண்டாம்.

கொளத்தூரை நான் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொட்டி, ஸ்டாண்டு, கூழாங்கல், ஏர் பம்ப் ஆகியவற்றுக்கு இன்றும் அங்கேதான் போகிறேன். நோய் இல்லாத பொருளுக்குக் கொளத்தூர் விலையைவிட நல்ல விலை ஏது? மீனிலும் ஒரு விலக்கு உண்டு. அந்தப் பகுதியில் ஃபைட்டர் மட்டும், கப்பி மட்டும் என்று மாடியில் தொட்டி கட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே நேராக வாங்கினால், பிறந்த தொட்டியைத் தவிர வேறு நீரைப் பார்க்காத மீன் கிடைக்கும். என் கப்பிகள் அப்படி வந்தவை. பத்து நாள் காத்திருந்த கடை மீனைவிட அது மேல் என்பேன். அங்கேயும் நான் பார்ப்பது அதே கணக்கைத்தான்: மீன் எத்தனை தொட்டி மாறியது, கடைசித் தொட்டியில் எத்தனை நாள் இருந்தது.

பக்கத்துக் கடை என்றாலே நல்ல கடை என்றும் இல்லை. எங்கள் பகுதியிலேயே இன்னொரு கடையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனை விட்டு, குழந்தை கேட்டதும் அப்படியே தூக்கிக் கொடுக்கிறார்கள். 2017இல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று கொண்டுவந்த விதிகள் இத்தகைய கிண்ணங்களைத் தடைசெய்தன. அந்த விதிகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. எனவே இன்று எல்லாம் கடைக்காரர் மனத்தைப் பொறுத்தது. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டடித் தொட்டிக்குப் பாசி தின்னும் "டேங்க் கிளீனர்" மீன் ஒன்று வேண்டும் என்று கேட்பேன். அந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும், தின்னும் பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும். தொட்டி கொள்ளாமல் போனதும் மக்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கேட்டதும் வலையை எடுப்பவரிடம் நான் எதையும் வாங்குவதில்லை. எங்கள் கடைக்காரர் திருப்பிக் கேட்டார்: "தொட்டி ஓட ஆரம்பித்து எத்தனை நாள் ஆகிறது சார்? உள்ளே என்னென்ன இருக்கின்றன?" பிறகு, பாசிதான் தொல்லை என்றால் விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று அவருக்கு ஒரு ரூபாய் வியாபாரமும் நடக்கவில்லை.

இவை எல்லாம் நன்னீர் மீன்களுக்குத்தான். கடல் மீனும் டிஸ்கஸும் நான் வளர்த்ததில்லை. ஒரு மீனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். குளத்தில் விட ஐம்பது கோய்க் குஞ்சு வேண்டும் என்பவருக்கும் எங்கள் தெருக் கடை உதவாது.

போன மாதம் வாங்கிய இருபது நியான்களில் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. மற்ற பத்தொன்பதும் இப்போது செடிகளுக்கு நடுவே கூட்டமாகத் திரிகின்றன. அடுத்து ஆறு கோரிடோரஸ் சொல்லிவைத்திருக்கிறேன். சரக்கு திங்கட்கிழமை வந்துவிட்டது, போய்ப் பார்த்தும் வந்துவிட்டேன். தொட்டி மூலையில் தேதி ஒட்டியிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.