கனடால ஃபார்மசிஸ்ட் ஆகணும்: மறுபடி காலேஜா, நேரா பிஇபிசி எக்ஸாமா?

இந்தியால பி.ஃபார்ம் முடிச்சவங்க முதல்ல கேக்குறது "கனடா போய் மறுபடி ஃபார்ம்டி (அங்க ஃபார்மசிஸ்ட் ஆகுறதுக்கான டிகிரி) படிக்கணுமா"ன்னு தான். படிக்கலாம், டொரன்டோ, யூபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா), வாட்டர்லூன்னு நாடு முழுக்க பல யுனிவர்சிட்டில இருக்கு, ஆனா முழுசா 4 வருஷம், ஸ்டடி பர்மிட்ல வந்தா ஃபீஸும் ரொம்ப ஜாஸ்தி.

இன்னொன்னு பிஇபிசி வழி, அதாவது கனடாவோட ஃபார்மசி தேர்வு வாரியம் நடத்துற எக்ஸாம்கள். சர்டிபிகேட் சரிபார்ப்பு, இவாலுவேட்டிங் எக்ஸாம், அப்புறம் குவாலிஃபையிங் ரெண்டு பார்ட், கடைசில அந்தந்த மாகாணத்தோட சட்டப் பரீட்சையும் ட்ரெயினிங்கும். கியூபெக்ல மட்டும் வழி வேற. இதுல நம்மாளுங்க தடுமாறுறது ஓஸ்கில தான், அதாவது குவாலிஃபையிங் ரெண்டாவது பார்ட்ல வர்ற செய்முறைத் தேர்வு. ரூமுக்குள்ள நோயாளியா நடிக்கிறவர் முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் கேப்பாரு, வேற என்ன மாத்திரை போடுறீங்கன்னு நீங்க கேட்டா தான் வார்ஃபரின்னு (ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை) சொல்லுவாரு, கேக்காம எடுத்துக் கொடுத்தா ரத்தக்கசிவு ஆபத்து, அங்கயே மார்க் போச்சு. ஊர்ல யாரும் நம்மள இப்படி பேச வச்சதே இல்லயே! ஒன்டாரியோல 2023 ஜனவரில இருந்து சின்னச் சின்ன பிரச்சனைக்கு ஃபார்மசிஸ்ட்டே மருந்து எழுதலாம், அதனால இந்தப் பேச்சு தான் வேலையே.

டிகிரியும் அனுபவமும் கையில இருந்தா நான் பிஇபிசி தான் சொல்லுவேன், கூடவே டொரன்டோ யுனிவர்சிட்டி மாதிரி இடத்துல வெளிநாட்டு ஃபார்மசிஸ்ட்ட அங்கத்த வேலைக்குத் தயார்படுத்துறதுக்குன்னே இருக்குற பிரிட்ஜிங் கோர்ஸ். ப்ராக்டிஸ் பண்ணியே பல வருஷம் ஆச்சு, அடிப்படையே மறந்துபோச்சுன்னா ஃபார்ம்டிய யோசிங்க.

பிஇபிசி வழின்னா ட்ரான்ஸ்க்ரிப்ட் (மார்க் விவரம்) உங்க யுனிவர்சிட்டில இருந்து நேரா பிஇபிசிக்குப் போகணும், ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே அதை ஆரம்பிச்சிடுங்க.