புதுப் பற்றரியை அவசரப்படுத்தாதேங்கோ

மல்லாவிப் பக்கத்துக் கிறவல் றோட்டில ஓடுற மோட்டார் சைக்கிளுக்குப் பற்றரி ரெண்டு வருசம் நிண்டாலே புண்ணியம் எண்டு சொல்லுவினம். என்ர பற்றரி மூண்டாவது மாரியையும் கண்டிட்டுது, செல்ஃப் ஸ்ராட் இன்னும் ஒரே அமத்தில பிடிக்குது. 12 வோல்ற், கொள்ளளவு 5 ஆம்பியர் மணி, அசிட் ஊத்துற வகை. விலை கூடின சாமானும் இல்லை. பூட்ட முதல் பாத்த வேலைதான் கைகுடுத்தது.

முந்தினதைக் கடையிலயே அசிட் ஊத்தி, கையோட பூட்டித் தந்தவங்கள். "சார்ஜ் போடேல்லையோ தம்பி?" எண்டு கேட்டன். "ஓடேக்க தானா ஏறும் அண்ணை" எண்டான். எங்க ஏறுறது? அசிட் ஊத்தின உடன பற்றரி முழுசா நிரம்பாது. வண்டி குடுக்கிற சார்ஜ் செலவழிஞ்சதை ஈடுகட்டத்தான் காணும். வயலுக்கும் சந்தைக்கும் கிட்டக்கிட்ட ஓடுற எங்களுக்கு அதுவும் காணாது. அரைகுறைச் சார்ஜில கிடந்தா உள்ளுக்கிருக்கிற ஈயத் தகட்டில ஈயச் சல்பேற் இறுகிப்போம், பிறகு பற்றரி பழையபடி வராது.

இந்த முறை பற்றரியையும் அதோட வந்த அசிட் போத்தலையும் வீட்டை கொண்டுவந்தன். முதல்ல காத்துப் போற துவாரத்தில இருக்கிற சிவப்பு மூடியைக் கழட்டவேணும். அது அடைச்சபடி கிடந்தா வாயு வெளியேற வழியில்லாமல் பற்றரி வெடிக்கவும் கூடும். ஆறு அறைக்கும் பெட்டியில போட்டிருக்கிற மேல்கோடு வரை அசிட் ஊத்தினன். உள்ளுக்குள்ள சின்னச்சின்னக் குமிழி கிளம்பும், பெட்டி கையில சூடு தட்டும். அரை மணித்தியாலத்தால பாத்தா மட்டம் இறங்கிக் கிடக்குது, தகடு அவ்வளவையும் குடிச்சிட்டுது. திரும்பக் கோடு வரை அசிட்தான் விடவேணும். அதுக்குப் பிறகு அதின்ர ஆயுசுக்கும் அசிட் கிடையாது, பற்றரித் தண்ணி, அதாவது காய்ச்சி வடிச்ச தண்ணி, மட்டும்தான்.

சார்ஜ் போடுறதில ஒரு கணக்கு: கொள்ளளவில பத்தில ஒண்டு. 5 ஆம்பியர் மணிக்கு அரை ஆம்பியர். கராஜில லொறிப் பற்றரிக்குப் போடுற பெரிய சார்ஜரில கொழுவினா கொதிச்சுத் தகடு பழுதாகும். நான் சின்னச் சார்ஜர் ஒண்டை இரவல் வாங்கி, அறை மூடிகளைத் தளர்த்தி, விறாந்தையில வைச்சன். ஐதரசன் வரும், பக்கத்தில பீடி பத்தவைக்கிற ஆக்களைக் கலைச்சுவிடுங்கோ. மாறி மாறிக் கறண்ட் நிண்டதால விடிய விடிய இழுபட்டுது. கழட்டி ஆறவிட்டு மீற்றர் பிடிச்சா 12.8 வோல்ற்.

பூட்டேக்க நேர்முனை முதல், கழட்டேக்க எதிர்முனை முதல். காத்துப் போற துவாரத்தில கொழுவிற குழாய் மடங்காமல், செயினில படாமல் கீழ இறங்கவேணும். அசிட் சிந்தினா நிறையத் தண்ணி, மேல அப்பச்சோடா. அடியில ரப்பர் துண்டும் இறுக்கமான பட்டியும் கட்டாயம். கிறவல் றோட்டு உலுப்பினா தகட்டில பூசியிருக்கிற மருந்து உதிர்ந்துபோம்.

சித்திரை வெயிலில தண்ணி கெதியா வத்தும், அந்த நாளில அடிக்கடி திறந்து பாக்கிறனான். கிணத்துத் தண்ணியை மட்டும் விட்டிடாதேங்கோ, எங்கட கேத்திலில படியிற வெள்ளைப் படிவைப் பாத்தாலே விளங்கும்.

குறை எண்டா ஒண்டு இருக்கு. நடு அறை ஒண்டு மற்றதுகளை விடக் கூடத் தண்ணி குடிக்கத் தொடங்கியிருக்கு. காலமை எஞ்சின் போட முதல் பாத்தால் 12.6 காட்டுது, அதால இப்போதைக்கு மாத்திற யோசினை இல்லை.