புதுசு என்று விற்ற சி-பாப் மிஷினில் 3,412 மணி நேரம் ஓடியிருந்தது

தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிரச்சினைக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பாப் மிஷின் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்பாவுக்கு, தூங்கும்போது மூச்சைக் கணக்கெடுக்கும் ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ. 42 வந்தது. அதாவது மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐத் தொட்டாலே கடுமையான நிலைதான். டாக்டர், காற்றழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சி-பாப் எழுதினார். ஸ்டடி எடுக்க வந்த டெக்னீஷியனே மதுரையில் ஒரு டீலர் நம்பரைக் கொடுத்தார். "சீல் பிரிக்காத பீஸ் சார்" என்று 52,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். பெட்டியைப் பிரித்ததும் அவரே, கையோடு எடுத்துப் போனதும் அவரே.

அன்று ராத்திரியே அப்பா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "ஊதுவத்தி வாசனை வருதுடா" என்றார். காலையில் பார்த்தால், தண்ணீர் ஊற்றும் தொட்டியின் அடியில் போர் தண்ணீர் குடத்தில் படிகிற வெள்ளை உப்பு வளையம். ஃபில்டர் மட்டும் பளிச்சென்று புதுசு. செட்டிங்ஸில் மொத்தம் ஓடிய நேரம் 3,412 மணி என்றிருந்தது. ராத்திரிக்கு 7 மணி நேரம் என்று வைத்தாலும், யாரோ ஒன்றேகால் வருடத்துக்கு மேல் மூச்சு விட்ட மிஷின்! காற்றழுத்த வரம்பும் டாக்டர் எழுதிய 8-14 இல்லை. 4-20 என்று திறந்தே கிடந்தது.

டீலரைக் கேட்டால், "கம்பெனியில டெஸ்ட் பண்ணியிருப்பாங்க சார்" என்கிறார். 3,412 மணி நேரம் டெஸ்ட் பண்ணும் கம்பெனி எங்கே இருக்கிறதோ! அப்புறம், "முகத்தில் மாட்டின பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம்" என்றார். அதை எங்களிடமே சொல்கிறார்.

2021 ஜூனில் பிலிப்ஸ் தன் சி-பாப் மாடல்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் ஃபோம் உதிர்ந்து, துகள் மூச்சோடு உள்ளே போகலாம் என்பதுதான் காரணம். எங்களுடையது வேறு கம்பெனி. ஆனால் பழசைத் துடைத்துப் புதுசு என்று விற்பவர், அந்தப் பட்டியலையா பார்க்கப் போகிறார்?

பெட்டியை நீங்களே பிரியுங்கள். பெட்டியிலும் மிஷின் அடியிலும் பில்லிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்க வேண்டும். மிஷினைப் போட்டு, ஓடிய நேரத்தைப் பார்த்த பிறகே பணம். ஜி.எஸ்.டி. பில்லை விடாதீர்கள், எங்களுக்குக் கிடைத்தது 'மெடிக்கல் மிஷின் - 1' என்று எழுதிய வெள்ளைச் சீட்டு.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு டீலரே கூப்பிட்டு 20,000 தருகிறேன் என்கிறார். முழுப் பணமும் வராமல் மிஷினைத் தருவதாக இல்லை.