எஃபெக்ட்ஸ் பேக்கேஜ் மூணு வருஷம் ஓட்டுன கதை

மலேசியாவுல ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல கிராணி வேல பாக்குறேன், ராத்திரில பார்ட்-டைம் மாஸ்டர்ஸ். என்னோட ப்ராஜெக்ட் கனோடெர்மா, அதான் மரத்தோட அடித்தண்டு அழுகி காளான் கெளம்புமே அந்த நோவு, அது எந்த மரத்துக்கு வருதுன்னு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (வருமா வராதாங்கிற வாய்ப்பக் கணக்குப் போடுற முறை) போட்டு பாக்குறது. மரத்தோட வயசு, கம்புட் மண்ணா (சதுப்புல மக்குன கரி மண்ணு) களிமண்ணா, வயசும் மண்ணும் சேந்தா வேற மாதிரி போகுதா, அதான் இன்டராக்ஷன், அவ்ளோதான். மாடல் சொல்றத படமா போட ஆர்-ல (புள்ளிவிவர மென்பொருள்) ஜான் ஃபாக்ஸோட எஃபெக்ட்ஸ் பேக்கேஜ்.

நல்ல சாமான் லா, அதுல சந்தேகமே இல்ல. ஒரே வரி அடிச்சா எல்லாப் படமும் வந்துரும். ஆனா நான் மண்ண 0, 1னு நம்பரா வச்சிருந்தேன், அது அஞ்சு கட்டம் போட்டுச்சு, நடுக் கட்டத்துல மண்ணு 0.5ன்னு இருக்கு, பாதி கம்புட்டுக்கு நான் எங்க போறது? ஃபேக்டரா, அதாவது நம்பரா இல்லாம வகையா மாத்துனேன், ரெண்டு கட்டமாச்சு. அப்புறம் வயசுக்கு மட்டும் தனியா கேட்டேன், இது ஹை-ஆர்டர் டெர்ம் இல்ல, அதாவது இது வேற ஒரு இன்டராக்ஷனுக்குள்ள அடங்குனதுன்னு ஒரு நோட் வந்துச்சு. எரிச்சல்தான், ஆனா நியாயம். வயசோட வேல மண்ணுக்கு மண்ணு மாறும்போது ரெண்டையும் கலந்து ஒரே கோடு போட்டா அது எந்த மண்ணுக்கும் ஒட்டாது.

பெரிய மண்டையிடி ஒய் அச்சு. கோட்ட லாக் ஆட்ஸ் அளவுல (லாஜிட்னும் சொல்வாங்க, வரும்-வராதுங்கிற விகிதத்தோட லாக்) வரையும், பக்கத்துல எழுதுற நம்பர் மட்டும் புராபபிலிட்டி (நோவு வர்ற வாய்ப்பு), அதனால 0.1ல இருந்து 0.2 போற தூரம் 0.4ல இருந்து 0.5 போறதப் போல ரெண்டு மடங்கு இருக்கும். மேனேஜர்ட்ட காட்டுனேன், கோடு நேரா இருக்கே, வருஷத்துக்கு வருஷம் ஒரே அளவுதான் கூடுதுன்னு முடிவே பண்ணிட்டாரு. டைப் செட்டிங்க ரெஸ்பான்ஸ்னு மாத்தி அச்சையே புராபபிலிட்டில வச்சா கோடு வளையும், அப்ப வேற பிரச்சன, இன்டராக்ஷனே இல்லாத மாடல்லயும் கோடு ரெண்டும் விலகி விலகி போகும். ஐ (Ai), நார்ட்டன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2003ல இதத்தான் எழுதுனாங்க, லாஜிட்ல இன்டராக்ஷன் கோஎஃபிஷியன்ட்ட (மாடல் குடுக்குற எண்ண) பாத்து புராபபிலிட்டில என்ன நடக்குதுன்னு சொல்லிட முடியாது, பிளஸ் மைனஸே மாறலாம். இப்ப ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல வச்சிடுறேன்.

நடுவுல ஜிஜிஎஃபெக்ட்ஸ்னு இதே வேல பாக்குற இன்னொரு பேக்கேஜ் பக்கம் போனேன், பாக்க அழகு. ஆனா அதோட ஜிஜிபிரெடிக்ட் மத்த ஃபேக்டர ரெஃபரன்ஸ் லெவல்ல (அடிப்படையா வச்ச ஒரு வகையில) நிறுத்திடும், எஃபெக்ட்ஸ் டேட்டால உள்ள விகிதத்துக்கு கலக்கும். இது தெரியாம ஒரே மாடலுக்கு ரெண்டு கோடும் ஏன் வேற எடத்துல நிக்குதுன்னு ஒரு வாரம் தூக்கம் போச்சு.

கடைசியா மாட்டுனது நம்ம மண்டோர் (கங்காணி) அண்ணன்ட்ட. பிரிண்ட கையில வாங்கி கம்புட் கட்டத்த பாத்தாரு, "ஏன் தம்பி, நம்ம கம்புட்ல இருபது வயசு மரம் ஏது, அங்க எல்லாம் புது நடவுதானே"ன்னாரு. படத்துக்கு அடியில மரத்துக்கு ஒண்ணா குச்சி குச்சியா நிக்குதே ரக், அத நம்பித்தான் அங்க மரம் இருக்குன்னு நெனச்சேன், பாத்தா அந்த ரக் ரெண்டு மண்ணையும் சேத்து காட்டுது, கம்புட் கட்டத்துக்கு கீழ நின்னதெல்லாம் களிமண்ணு மரம். இப்பல்லாம் எஃபெக்ட்ஸ்ல நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு கோட்ட ஜிஜிபிளாட்ல (ஆர்-ல படம் வரையுற பேக்கேஜ்) நானே வரைஞ்சுக்கிறேன், மரம் இல்லாத வயசுல வெட்டி விட்டுடுறேன்.