ஆசிட் ஸ்லரியா, எஸ்எல்இஎஸ் பேஸ்ட்டா? வீட்டுப் பின்கட்டில் லிக்விட் தயாரிப்பவர்களுக்கு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மகளிர் குழு நடத்தும் ஓர் அக்கா போன வாரம் போன் செய்தார். காப்பித் தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களில் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரித்து, மலையில் இருக்கும் விடுதிகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை. "தம்பி, நீங்க ஆசிட் ஸ்லரி போடறீங்களா, பேஸ்ட் போடறீங்களா? சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தா எதை வாங்கிட்டுப் போறது?" என்றார். "பேஸ்ட்டுதான் அக்கா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்னதானப்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூன்று வருடம் ஸ்லரியில் ஓட்டிவிட்டு, அப்புறம் பேஸ்ட்டுக்கு மாறியவன் நான்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். ஆசிட் ஸ்லரி என்பது லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனிக் ஆசிட். வெல்லப் பாகு மாதிரி கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். நல்ல சரக்கு என்றால் 96 சதவீதம் வீரியம், அதாவது நூறு கிலோவில் 96 கிலோ அழுக்கெடுக்கும் பொருள். பெயரிலேயே ஆசிட் இருக்கிறது, அதோடு கொஞ்சம் கந்தக அமிலமும் கலந்தே வரும். எஸ்எல்இஎஸ் என்பது சோடியம் லாரில் ஈதர் சல்ஃபேட். ஷாம்பூவில் போடுகிற அதே சரக்கு. 70 சதவீத வீரியத்தில், வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகக் குழைந்த பேஸ்ட்டாக வரும். இது ஆலையிலேயே காரம் சேர்த்து ஆசிட்தன்மையை எடுத்த பொருள்.

விலையில் ஸ்லரிதான் மலிவு. வீரியத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பதிலும் ஸ்லரி கெட்டி. நுரை நிற்பதிலும் கைக்கு மென்மையாக இருப்பதிலும் பேஸ்ட் முந்துகிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் மாதிரி உப்பு ஏறிய தண்ணீரில் ஸ்லரி லிக்விட் கலங்கிப் போய் நுரை அடங்கிவிடும், பேஸ்ட் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. மேட்டூர்த் தண்ணீரில் கலக்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இதெல்லாம் ஒரு மாதம் தயாரித்துப் பார்த்தாலே யாருக்கும் புரிகிற விஷயம்.

என்னை மாற வைத்தது வேறு. ஸ்லரி தனியாக வீட்டுக்குள் வராது, காஸ்டிக் சோடாவையும் கையைப் பிடித்துக் கூட்டி வரும். 10 கிலோ ஸ்லரியின் ஆசிட்தன்மையை எடுக்கச் சுமார் ஒன்றேகால் கிலோ காஸ்டிக் வேண்டும். அதாவது ஒவ்வொரு பேட்ச்சிலும் ஓர் ஆசிட்டையும் ஒரு காரத்தையும் நம் கையாலேயே சேர்த்து வைக்கிறோம். ஆலையில் அளவுமானியும் குளிரூட்டும் குழாயும் வைத்துச் செய்கிற வேலை அது. நாம் பிளாஸ்டிக் வாளியும் கட்டையும் வைத்துச் செய்கிறோம்.

பலர் ஸ்லரியைக் கண்டு பயப்படுகிறார்கள், காஸ்டிக்கை உப்பு மாதிரி அள்ளுகிறார்கள். வாளி அதிகம் சூடேறுவது காஸ்டிக் கரைக்கும்போதுதான். ஒன்றேகால் கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் போட்டால் வாளியைத் தொட முடியாத அளவுக்குக் கொதிப்பேறும். அதனால்தான் தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அந்தக் கரைசல் ஆறி, மீதித் தண்ணீரையும் சேர்த்த பிறகு, ஸ்லரியை நூல் பிடித்த மாதிரி ஊற்றிக் கலக்க வேண்டும். அவசரத்தில் இந்த வரிசை தவறும்.

எங்கள் வீட்டில் தவறியது. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, காலி வாளியில் காஸ்டிக்கைக் கொட்டிவிட்டு அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். நடுவில் குபுக்கென்று பொங்கித் தெறித்தது. முழங்கைக்குக் கீழே உட்பக்கம் ஒரு சொட்டு. அவர் முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் கேட்டதற்கு, "எரியல தம்பி, வழவழன்னுதான் இருக்குது" என்றார். அந்த வழவழப்பு அவருடைய தோல்தான். தோலில் இருக்கும் கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கியது. குழாயடியில் கையை நீட்டி வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டோம். இன்றைக்கும் அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வெளுத்த தழும்பு இருக்கிறது. அதே சொட்டு கண்ணில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணில் ஆசிட்டைவிடக் காரம் ஆழமாக இறங்கும்.

அளவிலும் இதே தொல்லை. காஸ்டிக் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாக்கெட் திறந்து நாளானால் எடை ஏமாற்றும். ஸ்லரியின் வீரியமும் கடைக்குக் கடை மாறும். 100 லிட்டர் லிக்விடில் காஸ்டிக் வெறும் 100 கிராம் கூடிப்போனால் பிஎச் (ஆசிட்டா காரமா என்று காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) 12ஐத் தாண்டிவிடும். அதை வாங்கிக்கொண்டு போய்க் கையுறை இல்லாமல் பாத்திரம் தேய்ப்பவர் யாரோ ஒரு விடுதியின் சமையல்கட்டில் நிற்கிற பெண். குறைந்துபோனால் ஆசிட் மிஞ்சும். ஒவ்வொரு பேட்ச்சையும் பிஎச் பேப்பரில் பார்த்துத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும், 7க்குப் பக்கத்தில் வந்தால்தான் விடலாம். ஸ்லரி போடுகிற எத்தனை வீடுகளில் அந்தப் பேப்பர் இருக்கிறது?

பாத்திரத்திலும் கவனம் தேவை. ஸ்லரியைத் துத்தநாகம் பூசிய இரும்பு வாளியிலோ, காஸ்டிக்கை அலுமினியக் குண்டாவிலோ ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும். சிமெண்ட் தரையில் ஸ்லரி சிந்தினால் தரை அரித்துப் போகும். மணல் போட்டு அள்ளிவிட்டு, மீதமிருப்பதன்மேல் சோடா ஆஷ் (சலவைச் சோடா வகைத் தூள்) தூவ வேண்டும். நுரைத்து அடங்கிய பிறகு கழுவலாம்.

எனக்கு முதல் முறை ஸ்லரியைப் பழைய சமையல் எண்ணெய் கேனில் ஊற்றித்தான் கொடுத்தார்கள். லேபிள் கிடையாது, எச்சரிக்கைப் படம் கிடையாது. என் அம்மா அதை நல்லெண்ணெய்க் கசடு என்று நினைத்து சமையலறை அலமாரிக்கு அடியில் எடுத்து வைத்திருந்தார். சில்லறையாக வாங்குகிறவர்கள் கேன் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும். காலியான ஸ்லரி கேனைக் குடிதண்ணீருக்கு வைத்துக்கொள்வதும் விற்பதும் வேண்டாம்.

சரி, பேஸ்ட் அப்பாவியா? இல்லை. 70 சதவீத பேஸ்ட்டின் பாதுகாப்புத் தாளில் கண்ணுக்குக் கடும் சேதம் என்றே போட்டிருக்கும். வெள்ளிக் கொலுசு கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரே கண்ணில் பட்டால் எப்படி எரிகிறது! இது அதைவிடப் பல மடங்கு. "ஷாம்பூ சரக்குதானே" என்று கண்ணாடி போடாமல் கலக்குவதுதான் பேஸ்ட்டில் இருக்கும் பெரிய ஆபத்து. பட்டுவிட்டால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, டாக்டரிடம் போக வேண்டும். ஸ்லரிக்கும் காஸ்டிக்குக்கும் இதேதான். அதை அடக்க இது என்று எலுமிச்சையோ சுண்ணாம்போ எதுவும் விடக் கூடாது. கையுறை இல்லாமல் நாள்தோறும் தொட்டால் பேஸ்ட்டும் விரல் இடுக்கை வெடிக்க வைக்கும். தரையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், வழுக்கி விழுவீர்கள். முதலில் வழித்து எடுங்கள்.

பேஸ்ட் கேட்பது பொறுமை. அதில் தண்ணீர் ஊற்றினால் இளகாது, இன்னும் இறுகி ஜெல்லியாக நிற்கும். தண்ணீரில் பேஸ்ட்டைச் சீவல் சீவலாகப் போட்டு, நுரை கிளம்பாமல் மெதுவாகக் கலக்க வேண்டும். நான் சாயங்காலம் ஊறப்போட்டு மறுநாள் காலையில் கலக்குகிறேன். கட்டி தட்டினாலும் நஷ்டம் நேரம் மட்டும்தான், ஒருவர் கையும் வேகாது. கெட்டிப்படுத்தக் கடைசியில் உப்புக் கரைசல், கெடாமல் இருக்கக் கொஞ்சம் பிரிசர்வேட்டிவ், அவ்வளவுதான். டிசம்பர் குளிரில் ஏற்காட்டில் பேஸ்ட் எவ்வளவு இறுகும் என்பதை நான் செய்து பார்த்ததில்லை. வெந்நீர் வாளிக்குள் டப்பாவை வைத்து இளக்க வேண்டியிருக்கலாம்.

துணி பவுடர் போடுகிறவர்களுக்கு என் பேச்சு பொருந்தாது. அங்கே சோடா ஆஷில் ஸ்லரியைத்தான் பிசைகிறார்கள், எனக்கு அதில் அனுபவம் இரண்டு பேட்ச்தான். கழிவு நீரில் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் மீனுக்கு ஆகாது, இரண்டையும் ஓடையில் விடக் கூடாது.

நாகலூர் அக்காவுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லரி கேனையும் காஸ்டிக் மூட்டையையும் பஸ்ஸில் ஜனங்களுக்கு நடுவே வைத்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மேலே ஏதாவது ஆகிவிட்டால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே வளைவுகளில் இறங்க வேண்டும். லிட்டருக்கு மிஞ்சுகிற சில ரூபாய்க்காக அந்தப் பயணத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார். 5 கிலோ பேஸ்ட், ஒரு கட்டு பிஎச் பேப்பர், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி நான்கு ஜோடி என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். குழுவில் கலக்கப் போகிறவர்கள் நான்கு பேராம்.